வெயிலில் டர்போ வண்டி இழுக்கவில்லையா? அறிகுறியை வைத்துப் பழுதைப் பிடிக்கும் வழி

சித்திரை வெயிலில் டர்போ வண்டியின் இழுவை சற்றுக் குறையத்தான் செய்யும். எதுவரை இயல்பு, எதற்கு மேல் பழுது என்று பார்க்காமல் டர்போவையே மாற்றிவிட்டு, அடுத்த கோடையில் அதே குறையோடு ஒர்க்ஷாப்புக்குத் திரும்பி வரும் வண்டிகள் நிறைய. ஆகவே முதலில் கணக்கு.

கடல் மட்டத்தில், 25 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை சுமார் 1.18 கிலோ. 40 டிகிரியில் 1.13 கிலோ. கிட்டத்தட்ட 5 விழுக்காடு குறைவு. டர்போதான் காற்றை அழுத்தித் தள்ளுகிறதே, வெளியே எப்படி இருந்தால் என்ன என்று தோன்றும். அழுத்தக் குறைவை டர்போ ஈடுகட்டிவிடும். சூட்டை ஈடுகட்டாது, கூட்டிவிடும். டர்போவில் காற்றை அழுத்தும் பகுதி கம்ப்ரசர். காற்றை இரு மடங்கு அழுத்தத்துக்கு ஏற்றும்போது அதன் திறன் 70 விழுக்காடு என்று வைத்துக்கொள்ளுங்கள். 25 டிகிரியில் உள்ளே போன காற்று 118 டிகிரியில் வெளியே வரும். 40 டிகிரியில் போனது 138 டிகிரியில் வரும். வெளியே 15 டிகிரி ஏறினால் கம்ப்ரசர் வாயில் 20 டிகிரி ஏறுகிறது.

இதை இறக்குவதுதான் இண்டர்கூலரின் வேலை. கூடிய சூட்டில் 70 விழுக்காட்டை அது எடுத்துவிட்டால், எஞ்சினுக்குள் போகும் காற்று 25 டிகிரி நாளில் 53 டிகிரி, 40 டிகிரி வெயில் நாளில் 69 டிகிரி. அடர்த்தி இழப்பு அதே 5 விழுக்காடுதான். அதே இண்டர்கூலர் சேறும் பூச்சியும் அடைத்து 50 விழுக்காடு மட்டும் எடுத்தால், வெயில் நாளில் 89 டிகிரி காற்று உள்ளே போகும். இழப்பு 10 விழுக்காடு ஆகிவிடும். பெட்ரோல் எஞ்சினாக இருந்தால், சூட்டில் கலவை தானாகவே வெடிக்கும் நாக்கிங்கைத் தவிர்க்க, எஞ்சினின் கணினியான ஈசியூ இக்னிஷனை (தீப்பொறி விழும் நேரத்தை) பின்னுக்குத் தள்ளும். அதில் இன்னொரு பங்கு போகும்.

எனவே வெயில் மட்டுமே எடுக்கக்கூடியது 5 முதல் 8 விழுக்காடு. 120 குதிரைத்திறன் வண்டியில் 6 முதல் 10 குதிரை. காலில் அது லேசாகத்தான் தெரியும். ‘மதியத்துக்கு மேல் வண்டி செத்துப்போகிறது’ என்று சொல்லும் அளவுக்குத் தெரிந்தால், ஏற்கனவே இருந்த ஒரு பழுதை வெயில் வெளியே காட்டுகிறது என்று பொருள்.

சென்னை போன்ற கடலோர ஊர்களில் புழுக்கமும் சேரும். 35 டிகிரியில் ஈரப்பதம் 60 விழுக்காடு இருந்தால், காற்றழுத்தத்தில் சுமார் 3 விழுக்காடு வெறும் நீராவிக்குரியது. எஞ்சினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சர் ஆக்சிஜன் எது, ஆவி எது என்று பிரித்துப் பார்க்காது. பூஸ்ட் (டர்போ ஏற்றும் அழுத்தம்) சரியாகக் காட்டியும் சற்று மந்தமாக இருப்பதற்கு இதுவும் காரணம். ஒரு நல்லதும் உண்டு: ஈரக் காற்று நாக்கிங்கைக் கொஞ்சம் தணிக்கும்.

கழற்றும் முன் அளந்து பாருங்கள்

வண்டியின் ஸ்கேனர் சாக்கெட்டில் செருகும் ஓபிடி டாங்கிளும் கைபேசிச் செயலியும் போதும். இரவு முழுக்க நின்ற வண்டியில், காலையில் ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்யுங்கள். கூலண்ட், உள்ளிழுக்கும் காற்று, வெளிக்காற்று மூன்றின் வெப்பநிலையும் 3 முதல் 5 டிகிரிக்குள் ஒத்திருக்க வேண்டும். ஒன்று மட்டும் விலகி நின்றால் அந்தச் சென்சர் பொய் சொல்கிறது. மேப் சென்சர் அந்த ஊரின் காற்றழுத்தத்தைக் காட்ட வேண்டும்: சென்னையில் 100 கிலோபாஸ்கலை ஒட்டி, கோவையில் சுமார் 96, பெங்களூரில் சுமார் 91.

பிறகு ஆளில்லாத சாலையில், 3வது கியரில், 2000 ஆர்பிஎம்மிலிருந்து 4500 வரை முழு ஆக்சிலேட்டர் கொடுத்துப் பதிவு செய்யுங்கள். டீசலுக்கு 3800 போதும். ஒருவர் ஓட்ட, இன்னொருவர் திரையைப் பார்க்க வேண்டும். விடியற்காலையில் ஒரு பதிவு, பிற்பகல் 2 மணிக்கு அதே சாலையில் இன்னொன்று. பூஸ்ட், காற்றின் வெப்பநிலை, இக்னிஷன் டைமிங், கூலண்ட் வெப்பநிலை ஆகிய நான்கும் அதில் இருக்க வேண்டும்.

இரண்டு இடத்தில் ஏமாறக்கூடாது. சாதாரண ஓபிடி மேப் அளவீடு 255 கிலோபாஸ்கலுக்கு மேல் காட்டாது. பூஸ்ட் அதிகமான டீசல்களில் 255ல் நின்றுவிட்டதைப் பார்த்து பூஸ்ட் ஏறவில்லை என்று முடிவுகட்டாதீர்கள். அடுத்தது, செயலி காட்டும் ‘இன்டேக் ஏர்’ வெப்பநிலை எந்தச் சென்சருடையது என்பது. சில வண்டிகளில் அது டர்போவுக்கு முன்னால், காற்றின் அளவை அளக்கும் மாஃப் சென்சருக்குள் இருப்பது. அதை வைத்து இண்டர்கூலரை எடைபோட முடியாது. முழு ஆக்சிலேட்டரில் 10 விநாடி ஓட்டியும் அந்த எண் ஒன்றிரண்டு டிகிரிகூட ஏறவில்லை என்றால், பார்த்துக்கொண்டிருப்பது முன்னால் உள்ளதைத்தான். மேனிஃபோல்ட் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் குழாய்) சென்சரின் அளவு வேண்டுமானால் அந்த நிறுவனத்துக்கான ஸ்கேனர் தேவைப்படலாம்.

மதியம் மந்தம், இரவில் சரி. எரர் கோடு எதுவும் இல்லை

அதிகம் வரும் புகார் இதுதான். மேனிஃபோல்ட் காற்று முழுச் சுமையில் வெளிக்காற்றைவிட 25 முதல் 30 டிகிரி கூடுதலாக இருப்பது சரி. 45, 50 என்று போனால் இண்டர்கூலருக்குக் காற்று போய்ச் சேரவில்லை.

முன் பம்பரின் கீழ் வலையைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். வெளியே தெரியும் முகம் சுத்தமாக இருக்கும். அழுக்கு ஏசி கண்டன்சருக்கும் இண்டர்கூலருக்கும் இடையில், அதற்குப் பின்னால் ரேடியேட்டருக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும். டெல்டா பக்கம் அறுவடைக் காலத்தில் ஓடும் வண்டியென்றால் நெற்பதரும் வைக்கோல் தூசியும் அந்தச் சந்தில் கம்பளம் மாதிரி படிந்து கிடக்கும். பின்பக்கத்திலிருந்து விளக்கைக் காட்டுங்கள். முன்பக்கம் வெளிச்சம் தெரியாத இடமெல்லாம் செத்த இடம்.

கழுவும் முறையில்தான் பலர் கெடுக்கிறார்கள். வாட்டர் சர்வீஸில் ஜெட்டை முன்னாலிருந்து நேராக அடித்தால் அலுமினியத் தகடுகள் மடங்கி, அடைப்பு நிரந்தரமாகிவிடும். அழுக்கும் இன்னும் உள்ளே போகும். எஞ்சின் ஆறிய பின், தோட்ட ஹோஸ் அளவு அழுத்தத்தில், எஞ்சின் பக்கமிருந்து வெளிப்பக்கமாக அடியுங்கள். எண்ணெய் கலந்த சேறாக இருந்தால் அலுமினியத்துக்கு ஏற்ற காயில் கிளீனரைத் தெளித்து 10 நிமிடம் ஊறவிட்டுக் கழுவலாம். மடங்கிய தகடுகளை ஃபின் சீப்பால் நிமிர்த்தலாம்.

அடுத்து, பம்பருக்குள் இண்டர்கூலருக்குக் காற்றை வழிநடத்தும் பிளாஸ்டிக் தடுப்புகளும், எஞ்சினுக்கு அடியில் உள்ள தட்டும் இருக்கின்றனவா பாருங்கள். பம்பர் இடித்து மாற்றிய வண்டிகளில் இவை திரும்ப வருவதே இல்லை. இல்லாவிட்டால் காற்று இண்டர்கூலரைத் தவிர்த்து ஓரமாக நழுவிப்போகும். பானட்டின் மேல் காற்று வாங்கும் மூக்கு வைத்து, அதன் கீழ் இண்டர்கூலர் படுத்திருக்கும் 3.0 லிட்டர் ஃபார்ச்சூனர் போன்ற வண்டிகளில், மூக்கின் அடியிலுள்ள ரப்பர் பட்டை கிழிந்தால் இதே கதை.

வெளிப்புறம் சுத்தம், ஆனாலும் சூடு என்றால் உட்புறம். கிராங்க்கேஸ் (எஞ்சினின் அடிப்பகுதி) ஆவியால் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு இருப்பது இயல்பு. கவிழ்த்தால் ஒழுகும் அளவுக்குத் தேங்கியிருந்தால் டர்போ சீலையும் கிராங்க்கேஸ் காற்று வழியையும் பார்க்க வேண்டும். இண்டர்கூலருக்கு முன்னும் பின்னும் அழுத்தத்தை அளந்தால் முழுச் சுமையில் வித்தியாசம் 0.1 பாரை ஒட்டி இருக்கும், 0.2க்கு மேல் போனால் உள்ளே அடைப்பு.

பானட்டுக்குள் திறந்த கூம்பு ஃபில்டர் மாட்டியவர்கள் இதையெல்லாம் செய்வதற்கு முன் பழைய ஃபில்டர் பெட்டியைத் திரும்ப மாட்டுங்கள். சத்தம் நன்றாக இருக்கும். குடிப்பது ரேடியேட்டர் விட்ட சூட்டுக் காற்றை.

டிராஃபிக்கில் நின்று கிளம்பும்போது மட்டும் மந்தம்

10 நிமிடம் ஏசியோடு நின்றால் பானட்டுக்குள் எல்லாம் ஊறிச் சூடேறி, மேனிஃபோல்ட் காற்று 70 டிகிரியைத் தாண்டுவது சகஜம். கிளம்பி 60 கிலோமீட்டர் வேகத்தில் 2, 3 நிமிடம் ஓடியதும் வெளிக்காற்றைவிட 20 டிகிரிக்குள் இறங்கிவிட்டால் பழுது ஒன்றும் இல்லை. இறங்கவே இல்லை என்றால் மேலே சொன்ன அடைப்பு. நிற்கும்போது அளவுக்கு மீறி ஏறினால் மின்விசிறி: ஏசியைப் போட்டதும் சில விநாடிகளில் சுற்றத் தொடங்குகிறதா, வேகம் இரண்டும் வேலை செய்கிறதா பாருங்கள். குறைந்த வேகத்துக்கான ரெசிஸ்டர் எரிந்துபோனால் விசிறி கடைசி நிமிடத்தில்தான் முழு வேகத்தில் எழும். கூலண்ட் முள் நடுவில் நிற்பதால் யாரும் கவனிப்பதில்லை.

1.0 லிட்டர் டிஎஸ்ஐ எஞ்சின் உள்ள டைகுன், விர்டஸ், குஷாக், ஸ்லாவியா வண்டிகளில் இண்டர்கூலர் இன்டேக் மேனிஃபோல்டுக்குள்ளேயே இருக்கிறது. குளிர்விப்பது தனிச் சுற்றில் ஓடும் தண்ணீர். இங்கே தகடு கழுவுவதால் மட்டும் வேலை முடியாது. அந்தச் சுற்றின் மின்பம்ப் ஓடுகிறதா, காற்றுப் பூட்டு (தண்ணீர் ஓட்டத்தைத் தடுக்கும் காற்றுக் குமிழி) விழுந்திருக்கிறதா பாருங்கள். கூலண்ட் மாற்றிய சில நாளில் இந்தப் புகார் தொடங்கியிருந்தால் காற்றுப் பூட்டு என்றே எடுத்துக்கொள்ளலாம். ஸ்கேனரில் பம்பை ஓடவிட்டு, அந்த நிறுவனத்தின் முறைப்படி காற்றை வெளியேற்ற வேண்டும்.

பெட்ரோல் எஞ்சின்: ஏற்றத்தில் கடகட சத்தம், பிறகு இழுவை போய்விடுகிறது

நாக்கிங். சூடான காற்றில் கலவை தானாகவே முன்கூட்டி வெடிக்கிறது. நாக் சென்சர் கேட்டவுடன் ஈசியூ டைமிங்கைக் குறைக்கிறது. காலைப் பதிவையும் மதியப் பதிவையும் அதே ஆர்பிஎம், அதே பூஸ்டில் ஒப்பிடுங்கள். 2 முதல் 4 டிகிரி டைமிங் குறைவது வெயிலின் பங்கு. 8, 10 டிகிரி குறைந்தால் வேறு காரணம் இருக்கிறது.

முதலில் எரிபொருள்: பெட்ரோல் மூடியின் உட்புறம் 95 ஆக்டேன் (நாக்கிங்கைத் தாங்கும் எண்) என்று போட்டிருந்தால் 91 ஊற்றி மார்கழியில் தப்பிக்கலாம், சித்திரையில் முடியாது. டேங்க் கிட்டத்தட்டக் காலியானதும் 95 நிரப்பி, 100 கிலோமீட்டர் ஓட்டிய பின் மறுபடி பதிவு செய்யுங்கள். ஈசியூ புதிய ஆக்டேனைப் பழக இந்த ஓட்டம் வேண்டும். மாற்றம் இல்லையென்றால் ஸ்பார்க் பிளக். தவறான வெப்ப எண் கொண்ட பிளக்கின் முனையே தீக்கங்காக மாறிக் கலவையைப் பற்றவைக்கும். அதன் பிறகு, நேரடி இன்ஜெக்ஷன் எஞ்சின்களில் வால்வின் பின்புறம் படியும் கரி.

கடைசியாக ஒரு நுட்பமான இடம். உள்ளிழுக்கும் காற்றின் சென்சரில் வெப்பம் ஏற ஏற மின்தடை குறையும். பரவலாக உள்ள பாஷ் வகையில் 20 டிகிரிக்கு 2.5 கிலோஓம், 40க்கு சுமார் 1.2, 80க்கு சுமார் 0.32. கனெக்டர் பின்னில் பச்சைக் களிம்பு பிடித்து இன்னும் ஒரு கிலோஓம் சேர்ந்துவிட்டால், 80 டிகிரிக் காற்றை ஈசியூ 40க்கும் கீழே என்று நம்பும். குறைக்க வேண்டிய டைமிங்கைக் குறைக்காது, நாக்கிங் வரும். வயர் முற்றிலும் அறுந்தால் மைனஸ் 40 காட்டி பி0113 கோடு வந்துவிடும், சுலபம். பாதி அறுந்ததுதான் ஏமாற்றும். கனெக்டரைக் கழற்றி மல்டிமீட்டரில் சென்சரை அளந்து, அதையே ஸ்கேனர் காட்டும் வெப்பநிலையோடு ஒப்பிட்டால் வயரிங்கின் குட்டு வெளிப்படும்.

டீசல்: கருப்புப் புகையும் இழுவைக் குறைவும் சேர்ந்து

டீசலுக்கு இந்த நாக்கிங் தொல்லை இல்லை. ஆனால் காற்று குறைந்தால் போட்ட டீசல் எரியாமல் புகையாகிறது. லேசான புகை வெயிலால் வரலாம்; பின்னால் வரும் பைக்காரர் மூக்கைப் பொத்தும் அளவு வந்தால் பெரும்பாலும் காற்றுக்கசிவு. அதிலும் ‘சூட்டில் மட்டும்’ என்றால் ரப்பர் ஹோஸ். குளிர்ந்த ரப்பர் விறைப்பாக இருந்து வெடிப்பை மூடிக்கொள்ளும். சூடேறி இளகியதும் அதே வெடிப்பு பூஸ்டில் வாய்திறக்கும். டர்போவுக்கு முன்னால் உள்ள ஹோஸில் இதன் மறுபக்கம்: உறிஞ்சலில் இளகிய ஹோஸ் ஒட்டிக்கொள்ளும், ஃபில்டர் அடைத்திருந்தால் இன்னும் வேகமாக.

சோதிக்கும் முறை. ஹார்டுவேர் கடையில் டர்போ காற்றை உறிஞ்சும் வாய் அளவுக்குப் பொருந்தும் பிவிசி எண்ட் கேப் வாங்கி, நடுவில் துளையிட்டு, பஞ்சர் கடையில் கிடைக்கும் டியூப்லெஸ் வால்வை இறுக்குங்கள். எஞ்சினை ஓட்டிச் சூடாக்கி அணைத்த கையோடு, டர்போ வாயில் கேப்பை ஹோஸ் துண்டும் கிளாம்ப்பும் வைத்துப் பொருத்துங்கள். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து வையுங்கள். இல்லாவிட்டால் அழுத்தம் கிராங்க்கேஸுக்குள் ஏறி ஆயில் சீலைத் தள்ளிவிடும். ரெகுலேட்டர் வைத்து 0.7 பார் முதல் 1 பார் வரை மட்டும் காற்று விடுங்கள். ஒர்க்ஷாப் ஏர் கம்ப்ரசரின் 8 பாரை நேராக விட்டால் கேப் தோட்டாவாகப் பறக்கும். எப்படியிருந்தாலும் அதன் எதிரே நிற்காதீர்கள். சோப்புத் தண்ணீரை ஒவ்வொரு இணைப்பிலும், இண்டர்கூலரின் பிளாஸ்டிக் தொட்டி அலுமினியத்தோடு சேரும் ஓரத்திலும் தெளியுங்கள். சிலிண்டர் வழியே லேசான சீற்றம் கேட்பது இயல்பு. நுரை கட்டும் இடமே கசிவு. சாதாரணத் திருகு கிளாம்ப்புக்கு 5 நியூட்டன் மீட்டர் இறுக்கம் போதும். ஹோஸில் எண்ணெய்ப் பிசுக்கோடு மாட்டினால் எவ்வளவு இறுக்கினாலும் வழுக்கிக் கழன்றுவிடும்.

கசிவு இல்லை, புகை இருக்கிறது என்றால் மாஃப் சென்சர். அதற்கென்றே உள்ள ஸ்ப்ரேயால் கழுவி 10 நிமிடம் உலரவிடுங்கள். கார்புரேட்டர் கிளீனர் வேண்டாம்.

திடீரென்று பவர் கட். சாவியை அணைத்துப் போட்டால் சரியாகிவிடுகிறது

இது லிம்ப் மோட்: பழுதைக் கண்ட ஈசியூ எஞ்சினைக் காக்க பலத்தைக் குறைத்துவிடுகிறது. கோடு அநேகமாக பி0299, அதாவது கேட்ட பூஸ்ட் கிடைக்கவில்லை. பி0234 வந்தால் நேர் எதிர், பூஸ்ட் மிஞ்சிவிட்டது. வெயில் தானாக இந்தக் கோடுகளைக் கொண்டுவராது.

விஜிடி டர்போவில் புகை பாயும் வழியை மாற்றும் நகரும் இதழ்கள் (வேன்கள்) கரி படிந்து சூட்டில் விரிந்து இறுகுவது முதல் சந்தேகம். அந்த இதழ்களை அசைக்கும் ஆக்சுவேட்டர் வேக்யூம் வகையானால் கை வேக்யூம் பம்பை மாட்டி இழுங்கள்: கம்பி முழுத் தூரம் தடங்கலின்றிப் போய் வர வேண்டும், 1 நிமிடம் வேக்யூம் இறங்காமல் நிற்க வேண்டும். எஞ்சின் சூடாக இருக்கும்போதும் இதையே செய்யுங்கள். ஆறிய எஞ்சினில் எல்லாமே தேறிவிடும். மெல்லிய வேக்யூம் ஹோஸ்கள் வெயிலில் காய்ந்து முனையில் வெடித்திருக்கும். ஒன்றொன்றாகச் சோதிப்பதைவிட எல்லாவற்றையும் புதிதாக வெட்டி மாட்டுவது மலிவு.

மலை மேல் குளிர் அடிக்கிறது, ஆனாலும் வண்டி மந்தம்

குளிர்ந்த காற்று நல்லது என்ற கணக்கு இங்கே தப்பும். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். காற்றழுத்தம் சுமார் 77 கிலோபாஸ்கல். மேனிஃபோல்டில் 180 கிலோபாஸ்கல் வேண்டுமென்றால் சென்னையில் டர்போ 1.8 மடங்கு அழுத்தினால் போதும், ஊட்டியில் 2.3 மடங்கு. அதே 70 விழுக்காடு திறனில் கணக்கிட்டால், 40 டிகிரி சென்னையில் கம்ப்ரசர் வாயில் காற்று சுமார் 120 டிகிரி. 15 டிகிரி ஊட்டியில் சுமார் 127. வெளியே ஸ்வெட்டர், உள்ளே சென்னையைவிடச் சூடு. மெல்லிய காற்று இண்டர்கூலரையும் குறைவாகவே குளிர்விக்கும். டர்போவின் சுழற்சி வேகம் எல்லை தாண்டாமலிருக்க ஈசியூவே பூஸ்டைக் குறைக்கவும் செய்யும். 2000 ஆர்பிஎம்முக்குக் கீழே டர்போ எழாத இடத்தில் எஞ்சின் கிட்டத்தட்டக் கால் பங்கு பலத்தை இழந்து நிற்கும். அங்கே பழுது தேடாமல் ஒரு கியர் இறக்குங்கள்.

இதைவிடக் கடுமை கொல்லிமலைப் பாதை. அடிவாரத்தில் 40 டிகிரி, 70 கொண்டை ஊசி வளைவு, 25 கிலோமீட்டர் வேகம், முழுச் சுமை. எதிர்க்காற்றே இல்லாமல் எல்லாம் மின்விசிறியின் தலையில் விழும். கூலண்ட் 105 டிகிரியைத் தாண்டினால் பல வண்டிகள் முதலில் ஏசியை வெட்டும், பிறகு எரிபொருளைக் குறைக்கும். ஏசியை நீங்களே அணைத்துவிட்டால் கண்டன்சர் விடும் சூடு இண்டர்கூலருக்கும் ரேடியேட்டருக்கும் போகாது. வித்தியாசம் இரண்டு வளைவுக்குள் தெரியும்.

சூப்பர்சார்ஜர் வண்டிகள்

நம் சாலைகளில் குறைவுதான். சூப்பர்சார்ஜரும் காற்றை அழுத்தித் தள்ளுவதுதான், ஆனால் எஞ்சின் பெல்ட்டில் ஓடுவதால் அதனால் டர்போவைப் போலக் கூடுதலாகச் சுழன்று ஈடுகட்ட முடியாது. காற்று மெலிந்தால் மெலிந்ததுதான். இரண்டு உருளைகள் சுழன்று காற்றைத் தள்ளும் ரூட்ஸ் வகையின் திறனும் குறைவு: 60 விழுக்காடு என்று வைத்தால், 40 டிகிரிக் காற்றை 1.8 மடங்கு அழுத்தும்போது 135 டிகிரியில் வெளியே வரும். லேண்ட் ரோவரின் 5.0 லிட்டர் வி8 போன்றவற்றில் இதைத் தனித் தண்ணீர்ச் சுற்று குளிர்விக்கிறது. முதல் இழுப்பு அபாரம், மூன்றாவது இழுப்பில் பாதி என்றால் அந்தச் சுற்றின் மின்பம்பைப் பாருங்கள். எஞ்சின் ஓடும்போது பம்ப் உடலில் விரலை வைத்தால் அதிர்வு தெரிய வேண்டும். பூஸ்டே குறைந்தால் பெல்ட் வழுக்கல் அல்லது சரியாக மூடாத பைபாஸ் வால்வு.

ஜெனரேட்டர் மட்டும் கோடையில் சுமை தாங்கவில்லை

டர்போ டீசல் ஜெனரேட்டரின் திறன், ஐஎஸ்ஓ 3046 தரப்படி 25 டிகிரி, 100 கிலோபாஸ்கல், 30 விழுக்காடு ஈரப்பதத்துக்குக் குறிக்கப்படுகிறது. பல தயாரிப்பாளர்கள் 40 டிகிரி வரை குறைப்பு வேண்டாம் என்பார்கள். ஆனால் அது ஏர் ஃபில்டர் வாயில் உள்ள வெப்பம், வானிலை அறிக்கையில் வருவது அல்ல. முழுச் சுமையில் அரை மணி நேரம் ஓடவிட்டு, ஃபில்டர் வாயில் தெர்மாமீட்டரை வையுங்கள். வெளியைவிட 5 டிகிரிக்கு மேல் கூடினால் ரேடியேட்டர் தள்ளிய சூடு அறைக்குள்ளேயே சுற்றி வருகிறது. ரேடியேட்டர் முகத்திலிருந்து சுவர் வரை தகர டக்ட் இடைவெளியின்றி இருக்க வேண்டும். காற்று உள்ளே வரும் திறப்பு ரேடியேட்டர் கோர் பரப்பைவிட ஒன்றேகால் முதல் ஒன்றரை மடங்கு வேண்டும். கொசுவலை அடித்திருந்தால் அதற்கும் மேல். அந்தத் திறப்பின் முன்னால் பழைய பெயிண்ட் டப்பாக்களையும் அட்டைப்பெட்டிகளையும் அடுக்கியிருந்தால், முதலில் அவற்றை எடுத்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள்.